உணவின் செலவை யார் தாங்குவது?

'மருந்து' என்னும் அதிகாரத்தின் பத்துக் குறள்களில் ஆறனை வள்ளுவப் பெருந்தகை உண்ணும் முறைக்கே ஒதுக்கியுள்ளார். நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என மருத்துவம் நான்கு கூறுடையது என்று அவ்வதிகாரத்தை முடிக்கிறார். இக்காலத்தில் ஐந்தாவதாக ஒருவரையும் சேர்த்தெண்ண வேண்டியுள்ளது. அவரே செலவைத் தாங்குபவர்.

அமெரிக்காவில் அச்செலவைப் பெரிதும் தாங்குவன காப்புறுதித் திட்டங்கள். நோய் முற்றி வைத்தியசாலையிற் கிடப்பவனுக்குப் பெருந்தொகை கொடுக்கும் அவை, நோய் முற்றாமற் காக்கும் உணவுக்குப் பணம் கொடாதிருந்தமையே நெடுங்கால வழக்கம். 1960களில் மிசிசிப்பி மாநிலத்தின் மவுண்ட் பேயூ என்னும் ஊரில், வைத்தியர் ஜாக் கெய்கர் பசியால் மெலிந்த குழந்தைகளுக்கு மருந்துச் சீட்டிலே உணவை எழுதிக் கொடுத்தார். பலசரக்குக் கடைக்காரருக்கு உரிய பணம் சுகாதார நிலையத்தின் மருந்துக் கணக்கிலிருந்து சென்றது. அதிகாரிகள் வினவியபோது, போஷாக்கின்மைக்கு மருத்துவ நூல் கூறும் சிகிச்சை உணவே என்று விடையிறுத்தார்.

அவ்வழியைக் காப்புறுதியாளரும் பின்னர் மேற்கொள்ளலாயினர். பென்சில்வேனியாவின் கைசிங்கர் நிறுவனம் 2016இல், வறிய நீரிழிவு நோயாளருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் நல்லுணவை இலவசமாக வழங்கத் தொடங்கியது.

நமது நாட்டில் அரச வைத்தியசாலை இலவசம்; ஆகவே இஃது நமக்குரிய பேச்சன்று எனக் கருதற்க. சவர்க்காரம் வாங்கும்போதும் வரி செலுத்தும் நாம் அனைவரும் கூடி அமைத்த பெருங்காப்புறுதியே இலவச மருத்துவம்.

அதில் உணவுக்கும் ஓர் இடம் முன்னரே உண்டு. சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்த திரிபோஷா 1973 முதல் தாய்மாருக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் கிளினிக்குகளிலே கொடுக்கப்பட்டு வருகிறது. குடும்பநல உத்தியோகத்தர் குழந்தையை நிறுத்து, வளர்ச்சிக் கோட்டில் எடையைக் குறித்த பின்னரே கொடுப்பதால், அது தருமம் அன்று, மருத்துவமே. எனினும் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் சோளம் போதாமையால் அதன் உற்பத்தி தடைப்பட்டது. மருந்து தீர்ந்தால் நாடே கூக்குரலிடும். மருந்தான உணவு தீர்ந்தபோது வன்னியின் குடிசைகளில் எடை குறைந்த பிள்ளை ஓசையின்றி மெலிந்தது.

குழந்தைப் பருவம் கடந்தோரின் நிலை இன்னும் கடினமானது. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ கூலிவேலை செய்யும் ஒருவருக்கு நீரிழிவு கண்டால், கிளினிக்கில் மாத்திரை கிடைக்கும். சோற்றைக் குறைத்துக் கீரையும் பயறும் மீனும் கூட்டுக என்ற ஆலோசனையும் கிடைக்கும். ஆலோசனை இலவசம், அதன்படி உண்ணும் பொருள் இலவசமன்று. வயிற்றை நிரப்பச் சோறே மலிவாக இருக்கும்போது, அவர் எதைக் குறைப்பார்? ஈற்றில் காலில் ஆறாப்புண்ணும் சிறுநீரகப் பழுதும் வர, பன்மடங்கு செலவைப் பொதுப்பணமே தாங்குகிறது.

இரணைமடுவின் நீர் பாயும் நம் நாட்டில் பயறும் உழுந்தும் கௌபியும் குரக்கனும் விளைகின்றன. வைத்தியர் எழுதும் சீட்டைக் காட்டிக் கூட்டுறவுச் சங்கக் கடையில் இவற்றைப் பெற வழி செய்தால், நோயாளியும் வாழ்வார், விவசாயியும் வாழ்வார். உண்மையில் வறியவர்க்கே கொடுத்து, குருதியிலுள்ள சீனியின் அளவை முன்னும் பின்னும் நோக்கிப் பயனைக் கணக்கிடல் வேண்டும்.

கணக்கு மட்டும் போதாது என்பதற்கும் சான்றுண்டு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம், வறியோருக்கான அரச காப்புறுதியின் வழியாக 2022இல் உணவு வழங்கலாயிற்று. மருத்துவச் செலவு குறைந்ததென மதிப்பீடு காட்டியும், நிதி ஒதுக்கப்படாமையால் 2025 ஜூலையில் அது நிறுத்தப்பட்டது. மக்கள் கேளாத உரிமை நிலைப்பதில்லை.

ஆதலின் தாய்மார்களே, பிள்ளையின் எடையை மாதந்தோறும் பாருங்கள். அதற்கென வந்த திரிபோஷாவை அதற்கே ஊட்டுங்கள். மாணவர்களே, ஒரு நோயாளியின் நல்லுணவுக்கு உங்கள் ஊர்ச் சந்தை விலையில் மாதம் எவ்வளவு ஆகுமெனக் கணக்கிடுங்கள். உரிமையைக் கேட்கப் புகுமுன் கையிலிருக்க வேண்டியது அக்கணக்கே.