கடை பெருகியது, கல்லா வற்றியது

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் சேர்வராயன் மலையில் காபி விளைகிறது, மிளகு விளைகிறது, ஆரஞ்சும் பலாவும் விளைகின்றன. ஆனால் அங்குள்ள அடுப்படிகளுக்குத் தேவையான துவரம் பருப்பும் சர்க்கரையும் சமையல் எண்ணெயும் சமவெளியிலிருந்து வண்டியேறித்தான் வர வேண்டும். ஆகவே மலைமேல் இருக்கும் ஒரு மளிகைக் கடையின் உயிர், அதன் பெயர்ப் பலகையிலோ பளபளப்பிலோ இல்லை. சரக்கு நாள் தவறாமல் வந்து சேர்கிறதா என்பதில் இருக்கிறது. சரக்கு வர வேண்டுமானால், சேலம் லீ பஜார் போன்ற மொத்த வியாபார இடங்களில் பழைய பாக்கி தீர்ந்திருக்க வேண்டும். மளிகை வியாபாரத்தின் அடிப்படை விதி இதுதான்: சரக்கு தந்தவருக்குப் பணம் போனால்தான் அடுத்த சரக்கு வரும். சின்னஞ்சிறு கடைகள் நாள்தோறும் கடைப்பிடிக்கும் இந்த விதியை மீறியதால், இந்தியா முழுவதும் 1,600 கடைகள் வரை திறந்த ஒரு தமிழ்நாட்டு நிறுவனம் பன்னிரண்டே ஆண்டுகளில் இல்லாமல் போனது. அதன் பெயர் சுபிக்ஷா.

சுபிக்ஷாவின் முதல் கடை 1997-இல் சென்னை திருவான்மியூரில் திறக்கப்பட்டது. நிறுவியவர் ஆர். சுப்பிரமணியன்; சென்னை ஐஐடியிலும் அகமதாபாத் ஐஐஎம்மிலும் படித்தவர், 1991-இல் விஸ்வப்ரியா என்ற நிதி நிறுவனத்தைத் தொடங்கியவர். சுபிக்ஷாவின் முதல் கடைக்கு முந்தைய ஆண்டுதான் சென்னையில் ஃபுட்வேர்ல்டு தன் முதல் கடையைத் திறந்து, தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு தாமே பொருள் எடுத்துக்கொள்ளும் வசதியை மக்களுக்குப் பழக்கத் தொடங்கியிருந்தது. சுபிக்ஷா அதற்கு நேரெதிர் வழியில் போனது. குளிர்சாதனம் கிடையாது, அலங்காரம் கிடையாது. கடைகள் சிறியவை, பெரிய சாலையை விட்டு விலகி, குடியிருப்புகளிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தவை. மளிகைப் பொருளை அச்சிட்ட விலைக்குக் கீழே கொடுத்தார்கள். மருந்தைக்கூட 10 சதவீதம் குறைத்துக் கொடுத்தார்கள். மாதச் சம்பளத்தில் பட்ஜெட் போட்டு வாழும் குடும்பத்துக்கு இது பெரிய உதவி. 2000-ஆம் ஆண்டில் ஐசிஐசிஐ வென்ச்சர் முதலீடு செய்தது. அடுத்த சில ஆண்டுகளில் தமிழ்நாட்டுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள் கொண்ட நிறுவனமாக அது வளர்ந்து நின்றது.

இவ்வளவு குறைத்து விற்றும் அது பிழைத்தது எப்படி? பதில் ரொக்கத்தில் இருக்கிறது. மொத்த வியாபாரத்தில் கடனுக்கு வாங்குபவருக்கு ஒரு விலை, கையில் காசு வைத்து வாங்குபவருக்கு ஒரு விலை. சுபிக்ஷா, சரக்கு தரும் நிறுவனங்களுக்கு உடனடியாகப் பணம் கொடுத்து, அதற்கான தள்ளுபடியைப் பெற்று, அதில் பெரும்பகுதியை வாடிக்கையாளருக்குத் தந்தது. விலை குறைந்ததால் சரக்கு வேகமாக விற்றது. விற்ற பணம் மறுபடியும் ரொக்கமாகச் சரக்கு வாங்கப் போனது. கணக்காகப் பார்ப்போம்: ஒரு லட்சம் ரூபாய் முதலை ஆண்டுக்கு 12 முறை புரட்டும் கடை, ஒவ்வொரு முறையும் 4 சதவீதம் மிச்சம் பார்த்தால் 48,000 ரூபாய் கிடைக்கும். அதே முதலை 24 முறை புரட்டும் கடை 2 சதவீதத்துக்கு விற்றாலும் அதே 48,000 கிடைத்துவிடும். அதாவது, குறைந்த லாபத்தில் விற்பவனுக்குக் காப்பு, பணம் தேங்காமல் சுழல்வது மட்டுமே. சுழற்சி நின்றால், குறைந்த விலைக்கு விற்ற கடைதான் மற்றெல்லாக் கடைகளையும் விட முதலில் விழும்.

2004-க்குப் பிறகு நிறுவனம் மாநில எல்லையைத் தாண்டியது. கர்நாடகம், ஆந்திரம், குஜராத், டெல்லி, மும்பை என்று கடைகள் பரவின. மளிகை, காய்கறி, மருந்துடன் செல்பேசி விற்பனையும் சேர்ந்தது. 2006-இல் சில நூறாக இருந்த கடைகள் 2008-இல் 1,600-ஐ எட்டின. 2008-இல் அசிம் பிரேம்ஜியின் முதலீட்டு நிறுவனம் 10 சதவீதப் பங்கை 230 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அந்தக் கணக்குப்படி மொத்த நிறுவனத்தின் மதிப்பு 2,300 கோடி. ஆனால் ஒவ்வொரு புதிய கடைக்கும் முன்பணம், ரேக்குகள், கணினி, ஆரம்பச் சரக்கு, ஆட்களுக்குச் சம்பளம் என்று பணம் முன்கூட்டியே போய்விடுகிறது. அந்தக் கடை தன் செலவைத் தானே தாங்கப் பல மாதங்கள் ஆகும். இந்தச் செலவை எல்லாம் பங்கு முதலிலிருந்து செய்திருந்தால் ஆபத்து குறைவு. சுபிக்ஷா பெருமளவு வங்கிக் கடனில் செய்தது. கடைசியில் கடன் சுமார் 750 கோடி ரூபாய் என்று கணக்கிடப்பட்டது. சரக்கு வாங்க இருக்க வேண்டிய பணம் கடை திறக்கவும் வட்டி கட்டவும் போனது. நிறுவனத்தை எது மலிவாக விற்க வைத்ததோ, அதையே அதன் வளர்ச்சி தின்றது.

2008-இன் பிற்பகுதியில் பணம் வறண்டது. அதன் பிறகு நடந்தவை ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வந்தன. பாக்கி நின்றதும் நிறுவனங்கள் சரக்கு அனுப்புவதை நிறுத்தின. சரக்கு இல்லாததால் அலமாரிகள் காலியாகின. காலி அலமாரியைப் பார்த்த வாடிக்கையாளர் பக்கத்து அண்ணாச்சி கடைக்குத் திரும்பினார். விற்பனை நின்றும் வாடகையும் சம்பளமும் வட்டியும் நிற்கவில்லை. 2009 ஜனவரியில், கையில் பணம் இல்லை, 300 கோடி ரூபாய் தேவை என்று நிறுவனரே வெளிப்படையாகச் சொன்னார். ஊழியர்களின் சம்பளம் நின்றது, வருங்கால வைப்பு நிதி கட்டப்படவில்லை, காவலுக்கு ஆள் இல்லாத கடைகளில் பொருள்கள் திருட்டுப்போயின. சில மாதங்களுக்குள் எல்லாக் கடைகளும் மூடின. வங்கிகளோடு கடன் சீரமைப்புப் பேச்சு நடந்தது. வேறொரு நிறுவனத்தோடு இணையும் முயற்சியும் நடந்தது. இரண்டும் கைகூடவில்லை. 2012-இல் நிறுவனத்தைக் கலைக்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இதற்கெல்லாம் காரணம் 2008-இன் உலகப் பொருளாதார நெருக்கடிதான் என்பது ஒரு வாதம். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது: அந்த ஆண்டு செப்டம்பருக்குப் பிறகு புதிய முதலீடு திரட்டுவது யாருக்கும் எளிதாக இல்லை. ஆனால் அதே நெருக்கடியை டி-மார்ட்டும் சந்தித்தது. 2002-இல் மும்பையில் தொடங்கிய அதுவும் குறைந்த விலைக் கடைதான். அதுவும் சரக்கு தருவோருக்கு விரைவாகப் பணம் கொடுத்துத் தள்ளுபடி பெறும் கடைதான். ஆனால் அது கடைகளை நிதானமாகத் திறந்தது. பெரும்பாலான இடங்களைச் சொந்தமாக வாங்கியது. 2017-இல் பங்குச் சந்தைக்கு வந்தபோதும் அதன் கடைகள் நூற்றுச் சொச்சம்தான். ஆகவே மலிவு விலை வியாபாரம் நம் நாட்டில் எடுபடாது, மக்கள் குளிர்சாதனக் கடையைத்தான் விரும்புகிறார்கள் என்ற இன்னொரு வாதமும் நிற்காது. வியாபார முறை சரியானதே. அந்த முறை தாங்கக்கூடிய வேகத்தை மீறியதுதான் தவறு. நெருக்கடி அந்தத் தவறை வெளியே காட்டியது. ஒருவேளை ஓரிரு ஆண்டு முன்னதாகவே காட்டிவிட்டது.

மூன்றாவது வாதம் கடுமையானது: இது வியாபாரத் தோல்வியே அல்ல, மோசடி என்பது. விஸ்வப்ரியா குழுமத்தில் பணம் போட்டவர்களை ஏமாற்றிய வழக்கில், 2023-இல் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் சுப்பிரமணியனுக்கு 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. சேமிப்பை இழந்த குடும்பங்களின் துயரத்தை யாரும் சிறிதாக்கக் கூடாது. என்றாலும், எல்லாவற்றையும் ஒருவரின் குற்றமாகச் சுருக்கினால் பாடம் தவறிப்போகும். மிக நேர்மையான ஒருவர் நடத்தியிருந்தாலும், மெல்லிய லாபம் தரும் மளிகையில் இவ்வளவு கடன் வாங்கி இவ்வளவு விரைவில் 1,600 கடைகளைத் திறந்திருந்தால் கல்லா வற்றித்தான் இருக்கும். பணம் தொடர்ந்து வெளியே ஓடும் நிறுவனத்தில், அதை ஈடுகட்டத் தகாத வழிகளைத் தேடும் நெருக்கடியும் வளரும். நேர்மை அவசியம், ஆனால் தப்பான கணக்கை நேர்மை திருத்தாது.

இப்படி ஒரு கடைத்தொடர் மூடினால் அதிகம் விலை கொடுப்பவர்கள் யார் என்று பார்க்கும்போது, ஏற்காடு போன்ற இடங்கள் மறுபடியும் முக்கியமாகின்றன. சென்னையில் ஒரு கடை மூடினால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கும். மலைக் கிராமத்தில் அடுத்த கடைக்குப் பேருந்து ஏற வேண்டும். அதனால்தான் பழங்குடிகள் வாழும் மலைப்பகுதிகளில் லேம்ப்ஸ் எனப்படும் பெரும்பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் ரேஷன் கடைகளை அரசு தாங்கிப் பிடிப்பது நியாயமாகிறது. கூட்டுறவில் குறைகள் இல்லையா, சரக்குத் தட்டுப்பாடு இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன; அவற்றைத் திருத்த வேண்டும். ஆனால் ஒரு முதலீட்டாளர் கை விரித்த மாதத்தில் அரிசி நின்றுபோகும் நிலை அங்கே வருவதில்லை. உணவுப் பொருள் விநியோகத்தை முழுக்கச் சந்தையின் வேகத்திடம் ஒப்படைக்கக் கூடாது என்பதற்குச் சுபிக்ஷா கண்ணெதிரே நடந்த சான்று.

கடைகளின் எண்ணிக்கையை வளர்ச்சி என்று கொண்டாடும் பழக்கத்தை ஊடகங்களும் முதலீட்டாளர்களும் நாமும் விட வேண்டும். ஒரு நிறுவனம் நலமாக இருக்கிறதா என்று அறிய நேரடியான அளவுகோல்கள் இருக்கின்றன. சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் சட்டமே சொல்கிறது; அது நடக்கிறதா? ஊழியரின் வருங்கால வைப்பு நிதி மாதம் தவறாமல் கட்டப்படுகிறதா? அதை அந்த நிதி அமைப்பின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அலமாரியில் அன்றாடச் சரக்கு குறையாமல் இருக்கிறதா? அதைக் கடைக்குள் நுழையும் எவரும் பார்க்கலாம். இந்த மூன்றுக்கும் ஆம் என்று பதில் சொல்லும் பத்துக் கடை நிறுவனம், சொல்ல முடியாத ஆயிரம் கடை நிறுவனத்தைவிடப் பெரியது. அதில் வேலைக்குச் சேரலாம், அதற்குச் சரக்குக் கொடுக்கலாம், அதில் முதல் போடலாம்.