புக்கிட் பாஞ்சாங் தீ: எல்லார் வீட்டிலும் இணையம் நின்றது ஏன்?

2013 அக்டோபர் 9ஆம் தேதி, புதன்கிழமை பிற்பகல். புக்கிட் பாஞ்சாங்கில் இணையம் திடீரென நின்றது. வடக்கிலும் மேற்கிலும் பல வீடுகளில் அதே கதைதான். சில வங்கிக் கிளைகளில் வேலை முடங்கியது. சிங்டெல்லின் புக்கிட் பாஞ்சாங் தொலைபேசி நிலையத்தில் தீப்பிடித்ததே காரணம். ஏறத்தாழ 60,000 வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர்.

அவர்களில் ஸ்டார்ஹப், எம்1 வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். 'எங்கள் இணைப்பு சிங்டெல்லே இல்லையே, எங்களுக்கு ஏன் இந்தச் சிரமம்?' என்று அவர்கள் கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

விடை தரைக்கு அடியில் இருக்கிறது. சிங்டெல் ஒரு காலத்தில் அரசாங்கத்தின் தொலைபேசித் துறை. 1992இல் நிறுவனமாகி, 1993இல் பங்குச் சந்தைக்கு வந்தது. அரசாங்கத்தின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக்கிடம் இன்றும் ஏறக்குறைய பாதிப் பங்கு உள்ளது. சாலைக்கு அடியில் செல்லும் கேபிள் குழாய்களும் தொலைபேசி நிலையங்களும் காலங்காலமாக அதன் வசமே இருந்தன. பின்னர் ஓப்பன்நெட் நிறுவனம் நாடெங்கும் கண்ணாடி இழைக் கேபிள்களைப் போட்டபோது, தெருத்தெருவாகத் தோண்டாமல் அதே குழாய்களைப் பயன்படுத்தியது. செலவும் குறைவு, வேலையும் சீக்கிரம் முடிந்தது. மற்ற நிறுவனங்கள் அந்த இழைகளை வாடகைக்கு எடுத்துத்தான் வீடுகளுக்குச் சேவை வழங்கின. கடையில் பெயர்ப்பலகைகள் வேறு வேறு, நிலத்தடியில் வழி ஒன்று.

கேபிள்கள் எல்லாம் கட்டடத்துக்குள் நுழையும் அறையில்தான் தீ மூண்டது. 149 கேபிள்கள் சேதமடைந்தன. பராமரிப்புப் பணியின்போது ஊழியர் ஒருவர் அனுமதியில்லாத புளோடார்ச் எனும் தீக்கருவியைப் பயன்படுத்தியது பிறகு நடந்த விசாரணையில் தெரியவந்தது. 2014 மே மாதம் தகவல் தொடர்பு மேம்பாட்டு ஆணையம் சிங்டெல்லுக்கு 6 மில்லியன் வெள்ளி அபராதம் விதித்தது.

தீயை அணைத்ததும் சேவை திரும்பிவிடவில்லை. ஒரு கேபிளுக்குள் தலைமுடி அளவு மெல்லிய இழைகள் பல இருக்கும். கருகிய பகுதியை வெட்டியெறிந்து, புதுக் கேபிளை இழுத்து, எந்த இழை எதனுடன் சேர வேண்டும் என்று பார்த்து, ஒவ்வொன்றாக உருக்கி ஒட்ட வேண்டும். அவசரப்பட்டுச் செய்யக்கூடிய வேலையல்ல. ஊழியர்கள் இரவும் பகலும் உழைத்தும் நாட்கள் பிடித்தன.

கண்ணாடி இழைக் கட்டமைப்பு இப்போது நெட்லிங்க் வசம் உள்ளது. 2017இல் அது பங்குச் சந்தைக்கு வந்தபோது, அதில் சிங்டெல்லின் பங்கு கால்வாசிக்கும் கீழே இறங்கியது. ஆனாலும், ஒரே இணைப்பைப் பலர் நம்பியிருக்கும் நிலை வேறு வடிவில் மீண்டும் தலைகாட்டியது. 2024 அக்டோபர் 8ஆம் தேதி சிங்டெல்லின் நிலவழித் தொலைபேசிச் சேவை பல மணிநேரம் தடைபட்டது. அவசர எண்களான 995, 999க்கு வந்த அழைப்புகளும் தடுமாறின. அழைப்பவர் எந்த நிறுவனத்தின் கைத்தொலைபேசியை வைத்திருந்தால் என்ன? அழைப்பை எடுக்க வேண்டிய இடத்தின் இணைப்பல்லவா தகராறு செய்தது! அன்று காவல்துறையும் குடிமைத் தற்காப்புப் படையும் குறுந்தகவல் வழியாகவும் உதவி கேட்கலாம் என்று பொதுமக்களுக்கு அறிவித்தன.