ஜில்லாப் படங்களும் ஊர்ச் சரித்திரமும்

அன்னிய ஆட்சியார் வரைந்த படங்களால் நமக்கென்ன பயன் என்று கேட்கும் தேசபக்தர்கள் உண்டு. அவர்கள் அயர்லாந்தின் பழைய ஜில்லாப் படங்களைச் சற்றுக் கவனிக்க வேண்டுகிறோம்.

க்ராம்வெல்லின் சேனை அயர்லாந்தை அடக்கிய பின், கத்தோலிக்கரிடமிருந்து பறித்த நிலங்கள் சிப்பாய்களின் சம்பளப் பாக்கிக்கும், யுத்தத்துக்குப் பணம் கொடுத்தோருக்கும் பங்கிடப்பட்டன. பங்கிடுமுன் அளக்க வேண்டுமல்லவா? வில்லியம் பெட்டி என்ற வைத்தியரின் மேற்பார்வையில், 1656 முதல் 1658 வரை, ‘டவுன் சர்வே’ என்னும் அளவை நடந்தது. ஒவ்வொரு நிலமும் 1641-ல் யாருக்குச் சொந்தம், அதன் விஸ்தீரணம் எவ்வளவு, அது விளைநிலமா சதுப்பா என்றெல்லாம் குறித்து வைத்தார்கள். பறித்தவன் எழுதிய கணக்கே பறிகொடுத்தவனுக்குச் சாட்சியாயிற்று!

மூலப் படங்களிற் பல 1711-ல் தீக்கிரையாயின. எஞ்சியவை 1922-ல், உள்நாட்டு யுத்தத்தின்போது, டப்ளினில் ஆவணக் காப்பகத்தோடு சாம்பலாயின. நல்ல வேளையாக நகல்கள் பல இடங்களிற் பிழைத்திருந்தன. டப்ளின் டிரினிடி கல்லூரியார் அவற்றைத் திரட்டி 2013-ல் இணையத்தில் வெளியிட்டனர்.

1833 முதல் 1846 வரை ஜில்லாவாரியாக வெளிவந்த ‘ஆர்ட்னன்ஸ் சர்வே’ படங்களும் இத்தகையவையே. மைலுக்கு ஆறங்குலம் என்ற அளவில், வரி விதிப்பதற்காக வரையப்பட்டவை அவை. 1845-ல் தொடங்கிய பெரும் பஞ்சத்துக்கு முன்பிருந்த குடிசைக் கூட்டங்கள் அவற்றிற் காணப்படுகின்றன. பிற்காலப் படத்தை அருகில் வைத்துப் பார்த்தால், பல இடங்களில் அந்தக் குடிசைகள் இல்லை. பஞ்சத்தின் கொடுமையை இவ்வளவு சுருக்கமாகக் கூறும் தஸ்தாவேஜு வேறெது?

ஆனால் படத்தில் உள்ளதெல்லாம் முழு உண்மையென்று கொள்வதும் பேதைமை. பறிக்கப்படாத நிலங்களை டவுன் சர்வே பெரும்பாலும் வெறுமையாகவே விட்டுவிட்டது. ஆர்ட்னன்ஸ் படங்களில் ஊர்ப்பெயர்கள் ஆங்கில உருவில் ஏறின; ஜான் ஓ’டானவன் முதலிய பண்டிதர்கள் ஆராய்ந்தறிந்த ஐரிஷ் உருவங்களைக் காணப் பெயர்க் குறிப்பேடுகளைப் புரட்ட வேண்டும்.

ஆகவே ஊராராய்ச்சி செய்யும் அன்பர், எதிர்க்கட்சிச் சாட்சியை விசாரிக்கும் வக்கீலைப் போலப் படத்தை விசாரிக்கக் கடவர். இதை வரைந்தவன் யார்? எதற்காக வரைந்தான்? எதை விட்டுவிட்டான்? இவற்றைக் கேட்டறிந்த பின் அப்படம் யாருக்காக வரையப்பட்டதாயினும், பயன் ஊராருடையதே. பகைவன் எழுதியதென்று அதைக் கிழித்தெறிவோமாயின், நம் வழக்குக்குரிய சாட்சியை நாமே அழித்தவராவோம்.