வாலுள்ள மூலக்கூறு

பத்மநாபபுரம் அரண்மனையில் பழைய வாள்கள் காட்சிக்கு இருக்கின்றன. வாளோ வெட்டுக்கத்தியோ, ஈரம் படாமலிருக்க எண்ணெய் தடவி வைத்தால் போதும். ஆனால் மண்ணுக்கடியில் பல கிலோமீட்டர் ஓடும் எரிவாயுக் குழாயின் உள்பக்கத்துக்கு யார் போய் எண்ணெய் தடவுவது?

தடவித்தான் ஆகவேண்டும். கிணற்று வாயுவோடு கரியமில வாயுவும் பெரும்பாலும் கலந்தே வரும். காய்ந்திருக்கும்வரை அது எஃகை ஒன்றும் செய்யாது. கூட வரும் தண்ணீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம். கடையில் குடிக்கிற சோடாவில் இருப்பதும் அதுதான். பலவீனமான அமிலம் என்று அலட்சியப்படுத்த முடியாது. பி.எச். அளவு சமமாக இருக்கும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைவிட இதுவே எஃகை வேகமாக அரிக்கும். இரும்பு தின்று தீர்க்கும் ஹைட்ரஜன் அயனிகளுக்கு ஈடாக, கரைந்த அமிலம் புதிது புதிதாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

2014 ஜூன் 27 அதிகாலை, ஆந்திராவின் கிழக்கு கோதாவரி மாவட்டம் நகரம் என்ற கிராமத்தில் கெயில் நிறுவனக் குழாய் வெடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். காய்ந்த வாயுவுக்கென்று போட்ட குழாயில் ஈரவாயு போனதையும், குழாய் உள்ளே அரித்திருந்ததையும் விசாரணை சுட்டிக்காட்டியது.

ஈரத்தை முழுவதும் நீக்க முடியாத இடத்தில் அரிப்புத் தடுப்பானை ஊற்றுவார்கள். இமிடசோலின் வகை மருந்துகள் பிரபலம். தேங்காயெண்ணெயின் கொழுப்பு அமிலத்திலிருந்தும் இவற்றைச் செய்யலாம். மூலக்கூறின் தலையில் நைட்ரஜன், பின்னால் நீண்ட கார்பன் வால். தலை இரும்பைப் பற்றிக்கொள்ளும். நீரை அண்டவிடாத வால்கள் வெளிப்பக்கம் நெருங்கி நிற்கும். அவற்றின்மேல் எண்ணெய்ப்பசை படியும். பத்து லட்சம் பங்கு திரவத்துக்குச் சில பத்துப் பங்கு மருந்தே போதும். ஆனால் இந்தப் படலம் ஒரே இடத்தில் நிலைத்திருக்காது, உரிந்துகொண்டே இருக்கும். அதனால் பம்பு நிற்காமல் மருந்தைச் செலுத்த வேண்டும்.

குழாயடியில் மணல் தேங்கினால் வேறு தலைவலி. மருந்து மணலிலேயே ஒட்டிக்கொள்ளும், கீழே இருக்கிற எஃகுக்குப் போய்ச் சேராது. அங்கேதான் குழி விழும். முதலில் குழாயைத் துப்புரவாக்காமல் மருந்தை மட்டும் நம்புவது வீண்செலவு என்றே சொல்வேன்.

மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும் வழி எளிது. எடைபோட்ட சின்ன எஃகுத் தகட்டைக் குழாய்க்குள் மாட்டி, சில மாதம் கழித்து எடுத்து, துருவைக் கழுவி மறுபடி நிறுப்பார்கள். ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டருக்கு மேல் கரைந்தால் பொதுவாக மருந்தைக் கூட்டுவார்கள், இல்லையென்றால் மாற்றுவார்கள். தமிழ்நாட்டில் இந்த அரிப்பு ஆராய்ச்சிக்குப் பேர்போன இடம் காரைக்குடி. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரிலும் 15 லட்சம் ரூபாயிலும் உருவாகி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அங்கேதான் இருக்கிறது.