ரூ.7,700 சம்பளம்: நர்சுகள் போராட்டம் சொல்லும் பாடம் என்ன?

மயிலாப்பூர்,

மயிலாப்பூரில் சின்ன நர்சிங் ஹோம் ஆகட்டும், பெரிய ஆஸ்பத்திரி ஆகட்டும், நர்சுகள் இல்லாமல் ஒரு ராத்திரி கூட ஓடாது. ஆனால் அவங்க சம்பளம் எப்படி முடிவாகுது என்பது நர்சுகளிலேயே பலருக்கு தெரிவதில்லை.

இதற்கு பக்கத்து தேனாம்பேட்டையில் நடந்த போராட்டமே நல்ல உதாரணம். இதுபற்றிய விவரம் வருமாறு:-

அரசு ஆஸ்பத்திரிகளுக்கு 2015-ம் ஆண்டு மருத்துவ பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வைத்து ஆயிரக்கணக்கான நர்சுகளை எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் ரூ.7 ஆயிரத்து 700.

2 வருஷம் கழித்து நிரந்தரம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள் என்பது நர்சுகள் வாதம். காலியிடம் வர வரத்தான் நிரந்தரம் என்றது அரசு தரப்பு.

2 வருஷம் ஓடியது. நிரந்தரம் வரவில்லை. 2017 நவம்பர் 27-ந்தேதி, தங்களை தேர்வு செய்த வாரியம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்திலேயே நர்சுகள் உட்கார்ந்து விட்டார்கள். ராத்திரியும் நகரவில்லை.

பேச்சுவார்த்தை நடந்தும் முழுசா முடியவில்லை. கடைசியில் ஐகோர்ட்டு தடை விதித்ததால் போராட்டம் முடிவுக்கு வந்தது. சம்பளம் பின்னர் ரூ.14 ஆயிரமாகவும், அதன்பின் ரூ.18 ஆயிரமாகவும் உயர்ந்தது. நிரந்தர கோரிக்கை மட்டும் அதோடு ஓயவில்லை.

தனியார் ஆஸ்பத்திரியில்...

தனியார் நர்சுகளுக்காக சுப்ரீம் கோர்ட்டு 2016 ஜனவரி 29-ந்தேதி உத்தரவிட்டதால் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. அதன் பரிந்துரை இதுதான்:

* 200 படுக்கைக்கு மேல்: மாநில அரசு நர்சுக்கு சமமான சம்பளம்.

* 100 படுக்கைக்கு மேல்: 10 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது.

* 50 முதல் 100 படுக்கை: 25 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது.

* 50-க்கும் குறைவு: குறைந்தது ரூ.20 ஆயிரம்.

ஆனால் இது பரிந்துரைதான். மாநில அரசு உத்தரவு போட்டால்தான் கட்டாயம் ஆகும். கேரளாவில் நர்சுகள் சங்கமாக சேர்ந்து போராடிய பிறகு, 2018 ஏப்ரலில் குறைந்தபட்ச சம்பளம் ரூ.20 ஆயிரம் என்று அரசு அறிவித்தது.

பேச்சுவார்த்தை எப்படி?

சங்கம் முதலில் கோரிக்கை பட்டியலை நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். பேச்சு ஒத்துவரவில்லை என்றால் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி இரு தரப்பையும் கூப்பிட்டு பேசுவார். அவர் முன்னிலையில் போடும் ஒப்பந்தம், சங்கத்தில் சேராத நர்சுக்கும், நாளைக்கு வேலையில் சேருபவருக்கும் கூட செல்லும்.

2025 நவம்பர் 21-ந்தேதி அமலுக்கு வந்த தொழில் உறவு சட்டத்தொகுப்பின்படி, ஸ்டிரைக் செய்ய 14 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். சமரச பேச்சு நடக்கும்போது ஸ்டிரைக் கூடாது.

கையெழுத்து போடும் முன் மூன்று விஷயத்தை பார்க்க வேண்டும். சம்பளம் எவ்வளவு? நிரந்தரம் எந்த தேதியில்? ஒரு ஷிப்டில் ஒரு நர்சுக்கு எத்தனை நோயாளி? மூன்றும் எழுத்தில் இருக்கணும். "பார்த்துக்கலாம்" என்ற வாய் வார்த்தை பின்னால் பேச்சுவார்த்தை மேஜையில் செல்லாது.