ஊசி நாடிக்குள் போனால்: மறைத்தால் கை போய்விடும்

2000ஆம் ஆண்டு ஏப்ரலில், அமெரிக்காவின் வெர்மொண்ட் மாநிலத்தைச் சேர்ந்த இசைக்கலைஞர் டயானா லெவின் கடும் தலைவலியுடன் சிகிச்சைக்குச் சென்றார். குமட்டலை நிறுத்த அவருக்கு ஏற்றிய புரோமெதசின் மருந்து, நாளத்துக்குப் பதிலாக நாடிக்குள் புகுந்தது. கை அழுகியதால் முதலில் வலது கையும் பின்னர் முன்கையும் அகற்றப்பட்டன. 2009இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் மருந்து நிறுவனத்துக்கு எதிராக அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் இழந்த கை இழந்ததுதான்.

ஏன் இப்படி நடக்கிறது? நாளம் இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டு செல்கிறது. வழியில் மருந்து நிறைய இரத்தத்துடன் கலந்து ஐதாகிவிடும். நாடியோ விரல் நுனியை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகிறது. அதற்குள் போகும் மருந்து செறிவு குறையாமலே நுண்ணிய குழாய்களை அடைகிறது. குழாய்கள் சுருங்கும், சுவர்கள் புண்ணாகும், இரத்தம் உறையும்.

வைத்தியசாலையில் இத்தவறு நடந்தால் பக்கத்தில் வைத்தியர் இருப்பார். போதைக்காகத் தானே ஊசி ஏற்றிக்கொள்பவருக்கு யார் இருக்கிறார்? குளிசையைப் பொடியாக்கிக் கரைத்து ஏற்றினால் ஆபத்து இன்னும் கூடும். கரையாத துகள்களும் குழாய்களை அடைத்துவிடும்.

ஊசி போட்ட உடனே அந்த இடத்துக்குக் கீழே நெருப்புப் போல் எரிவு, விரல்கள் வெளிறுதல் அல்லது நீலமாதல், குளிர்தல், மரத்துப்போதல் ஆகியவை எச்சரிக்கை. மேலும் மருந்து ஏற்றக் கூடாது. மோதிரம், கடிகாரத்தைக் கழற்றி, கையை உயர்த்தி வைத்து, உடனே 1990 அம்பியூலன்ஸை அழையுங்கள். இறுக்கிக் கட்டவோ, தேய்க்கவோ, ஒத்தடம் கொடுக்கவோ வேண்டாம்.

வைத்தியசாலையில் வலியைத் தணிப்பார்கள். இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் கொடுப்பார்கள். குழாய்களை விரிக்கும் மருந்தும், தேவைப்பட்டால் உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் மருந்தும் தருவார்கள். வீக்கம் தசையை நெரித்தால் சத்திரசிகிச்சை செய்து அழுத்தத்தைக் குறைப்பார்கள். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே சிகிச்சை இதற்கு இல்லை. ஆனால் தாமதமாகும் ஒவ்வொரு மணித்தியாலமும் கையைக் காப்பாற்றும் வாய்ப்பைக் குறைக்கிறது.

நமது பிரச்சினையும் இங்கேதான். பிள்ளை பயத்தில் மறைக்கிறான். தெரியவந்தாலும் குடும்ப மானத்தை நினைத்துப் பெற்றோர் இரண்டு நாள் காத்திருக்கிறார்கள். எந்த மருந்து, எப்போது ஏற்றியது என்பதை வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். கண்டிப்பதற்குப் பிறகு காலம் இருக்கிறது. முதலில் பிள்ளையின் கையைக் காப்பாற்றுவோம்.