இலங்கையின் கடனும் இயற்கை விவசாயத்தின் மேல் விழுந்த பழியும்

கொமரலிங்கம் ராஜவாய்க்கால் பாசனத்தில் நெல் வைக்கிறவன் நான். உரக்கடைப் பக்கம் போவதை நிறுத்தி ஆறு வருசம் ஆகிறது. ஆனாலும் டீக்கடையில் யாராவது ஒருத்தர், "ஏனுங்க, இயற்கை விவசாயம் பண்ணித்தானுங்களே சிலோன்காரன் திவாலானான்?" என்று கேட்காத மாசமில்லை. சிரித்துவிட்டு வந்துவிடுவேன். போன மாசம் என் மச்சினனே கேட்டான். "அதுவுமில்லாம அவனுக்குக் கடனைத் தள்ளுபடி வேற பண்ணோணுங்களாமா மாமா, எதுக்குங்க?" வீட்டுக்குள்ளிருந்து வருகிற கேள்விக்குச் சிரித்துத் தப்ப முடியாது. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இலங்கை அரசு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது 2022 ஏப்ரல் 12 அன்று. அப்போது கடன் சுமார் 5,100 கோடி டாலர். ரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது 2021 மே மாதம். ஒரே வருசத்தில் இவ்வளவு கடன் ஏறுமா? 2007 முதல் உலகச் சந்தையில் டாலர் கடன் பத்திரம் விற்று வாங்கி வாங்கிச் சேர்ந்தது அது. சீனா, ஜப்பான், இந்தியாவிடம் வாங்கியது தனி. 2019 கடைசியில் புது அரசு மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தது. அதே வருசம் ஈஸ்டர் குண்டுவெடிப்பு, பிறகு கொரோனா. சுற்றுலா படுத்தது. டாலர் வறண்டது.

உரம் டாலர் கொடுத்து வாங்குகிற சரக்கு. மண்ணையும் மக்கள் உடம்பையும் காக்கத்தான் தடை என்று அரசு சொன்னது. மண்ணின் மேல் வந்த பாசம் மட்டுமல்ல அது, கையில் டாலர் இல்லாத நெருக்கடியும்தான். கடன் பெற்ற பிள்ளை அந்தத் தடை. பிள்ளையைக் காட்டித் தாய் என்கிறார்கள்.

அதற்காகத் தடை சரி என்று நான் சொல்லமாட்டேன். அடுத்த வருசம் நெல் விளைச்சல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. 2021 நவம்பரிலேயே தடையைத் திரும்ப வாங்கினார்கள், ஆனால் பெரும்போகம் கெட்டது கெட்டதுதான். பத்து வருசம் யூரியா தின்ற வயலில் ஒரு போகத்தில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? தக்கைப்பூண்டு, சணப்பு விதைக்க அவகாசமில்லை, அத்தனை பேருக்கும் எருவுக்கு மாடில்லை. சிக்கிம் மாநிலம் 2003-ல் தொடங்கி 2016-ல்தான் முழு இயற்கை மாநிலம் என்று அறிவித்தது. இலங்கையிலோ சீனாவிலிருந்து கப்பலில் 'இயற்கை உரம்' வரவழைத்தார்கள். அதில் கெட்ட பாக்டீரியா இருக்கிறது என்று இறக்கவிடவில்லை. கடைசியில் இறக்காத உரத்துக்கு 67 லட்சம் டாலர் கொடுத்தார்கள்! உரத்தைக் கப்பலில் தேடுகிறவனுக்கு எதுக்குங்க இயற்கை விவசாயம்?

இனி மச்சினனின் இரண்டாவது கேள்வி. அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளின் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி ஆனது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் கிடேரி ஒன்றை விற்று என் கடனைக் கட்டியிருந்தேன். ஒழுங்காகக் கட்டினவன் ஏமாளியா என்று வயிறு எரிந்தது, ஒளிக்க வேண்டியதில்லை. ஆனாலும் அன்று தள்ளுபடி கிடைத்த பக்கத்துக் காட்டுக்காரர் நிலத்தை விற்காமல் இன்னும் வெள்ளாமை செய்கிறார். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இலங்கைக்கும் தள்ளுபடி வேண்டும் என்பதே என் கருத்து. காரணம் இரக்கம் மட்டுமல்ல. 2019-ல் விற்ற அதன் நீண்டகாலப் பத்திரங்களுக்கு ஏழரை சதவீதத்துக்கு மேல் வட்டி. அப்போது அமெரிக்க அரசின் பத்தாண்டுக் கடனுக்கு மூன்று சதவீதம்கூடக் கிடையாது. ஏன் கூடுதல் வட்டி? பணம் திரும்ப வராமல் போகலாம் என்கிற பயத்துக்கான கூலி அது. கூலியை வாங்கிக்கொண்டவன் நட்டம் வரும்போது பங்கு எடுக்க வேண்டாமா? 2022-ல் அந்தப் பத்திரங்கள் பாதி விலைக்கும் கீழே போயின. அப்போது வாங்கிப் போட்டவர்களும் முழுத்தொகைக்குத்தான் உரிமை கேட்டார்கள்.

நடந்தது என்ன? இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் தலைமையிலான கடன் கொடுத்த நாடுகள் 2024 ஜூனில் தவணையை நீட்டி வட்டியைக் குறைத்தன. அசலில் கைவைக்கவில்லை. பத்திரக்காரர்கள் அசலில் 27 சதவீதம் விட்டுக்கொடுத்தார்கள், ஆனால் நாட்டின் பொருளாதாரம் வளர்ந்தால் கூடுதலாகத் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். இதற்கெல்லாம் முன்பே, 2023-ல், உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது தொழிலாளர் சேமலாப நிதியின் வருமானத்தில் கைவைத்தாகிவிட்டது. நம் ஊரிலிருந்து விடியற்காலை பனியன் கம்பெனி வண்டி ஏறுகிற பெண்களின் பி.எஃப். மாதிரிப் பணம் அது. மதிப்புக் கூட்டு வரி 18 சதவீதம் ஆனது. கடன் வாங்கிக் கெடுத்தவர்கள் யார் என்று இலங்கை உச்ச நீதிமன்றமே 2023 நவம்பரில் ராஜபக்ச சகோதரர்கள் பெயரைச் சொல்லித் தீர்ப்பளித்தது. சுமை மட்டும் நெல் விளைவிக்கிறவன் தலையில்.

மச்சினனுக்கு ஒரு பழைய கதையும் சொன்னேன். 1953-ல் லண்டனில் ஒரு ஒப்பந்தம் ஆனது. போரில் நொறுங்கிய மேற்கு ஜெர்மனியின் கடனில் ஏறத்தாழப் பாதியைத் தள்ளினார்கள், மீதிக்கு நீண்ட தவணை. ஜெர்மனி எழுந்து நின்றது. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாடுகளில் ஒன்று சிலோன்.

தள்ளுபடி மட்டும் போதுமா என்றால், போதாது. பன்னாட்டு நாணய நிதியத்திடம் இலங்கை 2023-ல் போனது பதினேழாவது முறை. உரக்கடைக் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தால் கூட்டுறவுக் கடன் எத்தனை முறை தள்ளுபடி ஆனாலும் மறுபடி ஏறும், அதே கதைதான். "அப்ப நானும் நிறுத்திப் பார்க்கட்டுங்களா மாமா?" என்றான். நாலு ஏக்கர் வைத்திருக்கிறான். ஒரேயடியாக வேண்டாம், அரை ஏக்கரில் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழு, மற்றதை அடுத்த வருசம் பேசிக்கலாம் என்றேன். விதை என்னிடமே இருந்தது, பத்து கிலோ கொடுத்தனுப்பினேன்.